ஆளுக்கு 50 டாலர் மிச்சம், டென்வரில் ஒரு வீல்சேர்

வட கரோலினா மாநிலம் சார்லட்டிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவர், மனைவி, நாலு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் 67 வயது அம்மா என நாலு பேர். நவம்பர் கடைசியில் தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு, புதன் மாலை கிளம்பி, சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். தங்கையின் புது வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலை கிரகப்பிரவேசம். மற்ற மூவரும் ஞாயிறு திரும்பிவிடுவார்கள். அம்மா தங்கையோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு அங்கிருந்தே சென்னைக்குப் போகிறார். ஆகவே அவருடைய 23 கிலோ பெட்டிகள் இரண்டும் கூடவே போயாக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை, ஆங்கிலமும் அவ்வளவாக வராது.

வாசகர் மூன்று டிக்கெட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறார். மலிவு நிறுவனமான ஃப்ரான்டியரில், டென்வரில் விமானம் மாறிப் போனால் ஒரு வழிக்கு ஆளுக்கு 79 டாலர். ஒரு பயண இணையதளத்தில் யுனைடெட்டின் பேசிக் எகானமி, அதாவது சலுகைகள் மிகக் குறைந்த டிக்கெட், 149. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் மாறாமல் நேராகப் போகும் மெயின் கேபின், அதாவது சாதாரண எகானமி, 199. "நாலு பேருக்கு 480 டாலர் வித்தியாசம், அதைக் கொடுத்து என்ன கிடைக்கப்போகிறது?" என்று கேட்கிறார். ஆபீஸ் நண்பர்கள் டெல்டாதான் நல்லது என்கிறார்களாம். சவுத்வெஸ்டில் இரண்டு பெட்டி இலவசம் என்றும், மூன்று மணி நேரம் தாமதமானால் 600 டாலர் தருவார்கள் என்றும், குழந்தையைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார வைக்கச் சட்டம் இருக்கிறது என்றும் கேள்விப்பட்டிருக்கிறார். அம்மாவிடம் ரியல் ஐடி (உள்நாட்டு விமானத்தில் ஏறக் கேட்கும் அமெரிக்க அடையாள அட்டை) இல்லை என்ற கவலையும் உண்டு. கடைசி வரியில் நார்த்தங்காய் ஊறுகாய் பற்றியும் ஒரு கேள்வி.

சார், நான் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வக்கீல். டிக்கெட் விற்பவள் இல்லை. "எது நல்ல ஏர்லைன்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது, யாரிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன். பெட்டி இலவசம், ஊழியர்கள் சிரித்துப் பேசுவார்கள் என்று எல்லோரும் புகழ்ந்த சவுத்வெஸ்ட், 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிப்புயலில் சிக்கியது. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்று அதன் கணினிக்கே தெரியாமல் போய், ஏறக்குறைய 17,000 விமானங்கள் ரத்தாகின. அதற்காக அடுத்த ஆண்டு 14 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் டெல்டா 2024 ஜூலையில் ஒரு மென்பொருள் கோளாறில் நாள்கணக்கில் திணறியது. மற்ற நிறுவனங்கள் அதே கோளாறிலிருந்து சீக்கிரம் எழுந்துவிட்டன. இதில் டெல்டா மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் சார்லட்டிலிருந்து டெல்டாவில் போனால் அட்லாண்டா மாதிரி ஏதோ ஓர் ஊரில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். சார்லட் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கோட்டை. நல்ல ஏர்லைன் எது என்பது பாதி நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பொறுத்தது. அட்லாண்டாவில் இருந்திருந்தால் உங்கள் நண்பர்கள் சொன்னதுதான் சரி.

480 டாலர் எங்கே போனது

நீங்கள் அனுப்பிய விலைப் படங்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரான்டியரில் நாலு டிக்கெட் 316 டாலர். அந்த விலையில், முன்னால் இருக்கும் சீட்டின் அடியில் நுழையும் சின்னப் பை ஒன்றுதான் சேர்த்தி. மேலே வைக்கும் கைப்பெட்டிக்கு 64 கேட்கிறார்கள். உங்களுக்கு இரண்டு வேண்டும், 128. செக்-இன் பெட்டி ஒன்றுக்கு 59. அம்மாவுடையது இரண்டு, உங்களுடையது ஒன்று, ஆக 177. அம்மாவையும் துணைக்கு ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைக்க, ஒரு விமானத்துக்கு 24 என்று இரண்டு விமானங்களுக்கு 96. கூட்டினால் 717.

அமெரிக்கனில் நாலு டிக்கெட் 796. கைப்பெட்டிக்குக் காசு இல்லை. சாதாரண சீட்டைத் தேர்ந்தெடுக்கவும் காசு இல்லை. மூன்று பெட்டிக்கு 40 வீதம் 120. மொத்தம் 916.

வித்தியாசம் 199 டாலர், ஆளுக்கு 50. மலிவு டிக்கெட் கடைசியில் விலை கூடிவிடும் என்று பலர் எழுதுவார்கள். உங்கள் விஷயத்தில் அது உண்மையில்லை, ஃப்ரான்டியர் இப்போதும் மலிவுதான். ஆனால் நீங்கள் நினைத்த 480 அல்ல.

இதில் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறேன், கவனித்தீர்களா? அம்மாவின் இரண்டாவது பெட்டியை அம்மா பெயரில் போடவில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் ஒருவரின் இரண்டாவது பெட்டிக்கு முதல் பெட்டியைவிடக் கட்டணம் அதிகம். ஒரே புக்கிங்கில் நாலு பேர் போகும்போது மூன்று பெட்டிகளையும் மூன்று பேரின் முதல் பெட்டியாகப் போடுங்கள். அந்த நிறுவனத்தின் கிரெடிட் கார்டு உங்களிடம் இருந்தால் முதல் பெட்டிக் கட்டணமே போய்விடக்கூடும், கார்டின் விதிகளைப் பாருங்கள். எடை வரம்பையும் பாருங்கள். 50 பவுண்டு, அதாவது 23 கிலோ என்பதுதான் வழக்கம். ஆனால் 40 பவுண்டோடு நிறுத்திய மலிவு நிறுவனங்களும் உண்டு. சென்னை டிக்கெட்டில் இரண்டு பெட்டி இலவசமாக வந்ததே என்று அம்மா கேட்பார். அது அந்த டிக்கெட்டுக்கான சலுகை. தனியாக வாங்கும் உள்நாட்டு டிக்கெட்டுக்கு அது வராது.

சவுத்வெஸ்டின் இரண்டு இலவசப் பெட்டிகள் 2025 மே 28 முதல் பழங்கதை. இப்போது அவர்களும் சாதாரண டிக்கெட்டுக்குப் பெட்டிக் காசு வாங்குகிறார்கள். யார் முதலில் ஏறுகிறாரோ அவருக்குப் பிடித்த சீட் என்ற பழைய வழக்கமும் 2026 ஜனவரியோடு முடிந்தது.

யுனைடெட் பேசிக் எகானமியை ஒரே வரியில் தள்ளிவிடலாம். உள்நாட்டுப் பயணத்தில் அந்த டிக்கெட்டுக்குக் கைப்பெட்டி அனுமதி கிடையாது, கேட் வரை கொண்டுபோய்விட்டால் பெட்டிக் கட்டணத்துக்கு மேல் 25 டாலர் சேர்த்து வாங்குவார்கள். அதோடு நீங்கள் அதை இடையில் ஒரு இணையதளத்தில் வாங்குகிறீர்கள். ஏதாவது கெட்டுப்போனால் இணையதளம் நிறுவனத்தைக் கேள் என்னும், நிறுவனம் இணையதளத்தைக் கேள் என்னும். என்னிடம் வரும் கடிதங்களில் பாதி இந்த ரகம்.

சட்டம் தருவதும் தராததும்

இங்கேதான் உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை. மூன்று மணி நேரம் தாமதத்துக்கு 600 என்று கேள்விப்பட்டது ஐரோப்பிய விதி, அதுவும் யூரோவில், நீண்ட தூரப் பயணத்துக்கு. அமெரிக்காவில் உள்நாட்டு விமானம் தாமதமானதற்காகப் பணம் தரச் சொல்லும் கூட்டாட்சி விதி எதுவும் இல்லை. கொண்டுவரலாம் என்று 2024 டிசம்பரில் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

இருப்பது வேறொன்று. விமானம் ரத்தானாலோ, உள்நாட்டில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலோ, "நான் போகவில்லை" என்று நீங்கள் மறுத்தால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். திரும்பப் பெற முடியாத டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் ஏழு வேலை நாளில் வர வேண்டும். 2024 அக்டோபர் 28 முதல் இதுதான் விதி. கவுண்டரில் வவுச்சர் நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் மாற்று விமானத்தில் ஏறிவிட்டீர்களென்றால் ரீஃபண்ட் கிடையாது. பெட்டி மட்டும் பிந்தி வந்தால், நீங்கள் இறங்கி 12 மணி நேரத்துக்கு மேல் ஆனால், பெட்டிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இப்போது இதை உங்கள் வெள்ளிக்கிழமையோடு வைத்துப் பாருங்கள். புதன் இரவு டென்வரில் விமானம் ரத்தாகிறது. 79 டாலரில் பறக்காத பகுதிக்கான பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். சட்டப்படி அவர்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். தாங்ஸ்கிவிங் வாரத்தில் வேறு நிறுவனத்தில் நாலு சீட் அதே இரவில் என்ன விலைக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது.

பெரிய நிறுவனங்கள் சில வாக்குறுதிகளை எழுத்தில் கொடுத்திருக்கின்றன. தங்கள் தவறால் ரத்தானால் உடன்பாடு உள்ள வேறு நிறுவனத்தில் செலவில்லாமல் ஏற்றிவிடுவோம் என்பது அதில் முக்கியமானது. அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் மூன்றும் இதற்கு ஒப்புக்கொண்டவை. மலிவு நிறுவனங்களிடம் பொதுவாக அப்படி உடன்பாடு இருக்காது, தங்களுடைய அடுத்த விமானத்தில்தான் போடுவார்கள், அது மறுநாளாகவும் இருக்கலாம். போக்குவரத்துத் துறை இந்த வாக்குறுதிகளை நிறுவனம் வாரியாகத் தன் இணையதளத்தில் பட்டியலிட்டிருக்கிறது. வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள். புயல், பனி காரணமென்றால் இந்த வாக்குறுதிகள் பொருந்தாது. நவம்பரில் டென்வரில் பனி பெய்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

"அப்படியானால் வழக்குப் போடலாமே" என்று கேட்பீர்கள், வக்கீலுக்கு எழுதினால் எல்லோரும் கேட்பார்கள். 1978-ல் விமானக் கட்டணத்தின் மேலிருந்த அரசுக் கட்டுப்பாட்டை எடுத்த சட்டமே, மாநில நுகர்வோர் சட்டங்களை வைத்து விமான நிறுவனத்தை இழுக்கும் வழியையும் பெரும்பாலும் அடைத்துவிட்டது. மிஞ்சியது ஒப்பந்தம். டிக்கெட் வாங்கும்போது படிக்காமல் டிக் போடுகிறீர்களே, அந்த நிபந்தனைகள்தான். அவர்களே எழுதியதை அவர்கள் மீறினால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் விட்டுவைத்த வாசல் அது ஒன்றுதான். எளிய வழி போக்குவரத்துத் துறையிடம் புகார் தருவது. அங்கே தந்தால் நிறுவனம் 60 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

உறுதியான டிக்கெட் இருந்தும் ஆள் அதிகம் என்று ஏற்ற மறுத்தால் மட்டும் சட்டம் கையில் காசு வைக்கிறது. எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு வழிக் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது நாலு மடங்கு, உச்சவரம்பு 1,075 அல்லது 2,150 டாலர்.

குழந்தையின் சீட்

சட்டம் இல்லை. அலாஸ்கா, அமெரிக்கன், ஃப்ரான்டியர், ஜெட்புளூ போன்ற சில நிறுவனங்கள், 13 வயது வரையுள்ள குழந்தையை உடன் வரும் ஒரு பெரியவர் பக்கத்தில் கூடுதல் காசில்லாமல் உட்கார வைப்போம் என்று உறுதி தந்திருக்கின்றன. ஒரு பெரியவர் என்பதைக் கவனியுங்கள், அம்மாவும் அப்பாவும் பாட்டியும் இல்லை. எல்லோரும் ஒரே புக்கிங்கில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

உங்கள் குடும்பத்தில் மூவருக்கு இருவழி, அம்மாவுக்கு ஒரு வழி. அதனால் இரண்டு புக்கிங்காகப் பிரிக்கத் தோன்றும். பிரிக்காதீர்கள். போவதற்கு நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வழி டிக்கெட், திரும்புவதற்கு மூவருக்குத் தனியாக ஒரு வழி டிக்கெட் என்று வாங்குங்கள். இந்த நாட்டு உள்நாட்டு டிக்கெட்டுகளில் இரண்டு ஒரு வழி சேர்ந்தால் பெரும்பாலும் இருவழி விலையே வரும். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ முன்னதாக வாங்கினால், மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம்.

அம்மா

வீல்சேர் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். "நடக்கவே முடியாதவர்களுக்குத்தானே, டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமே, காசு எவ்வளவோ" என்று. மூன்றுமே இல்லை. 1986-ல் வந்த சட்டப்படி, விமான நிலைய வாசலிலிருந்து விமானம் வரை, மாறும் இடத்தில் அடுத்த கேட் வரை, இறங்கியபின் பெட்டி வரும் இடம் வரை உதவி தருவது நிறுவனத்தின் கடமை. இலவசம். முழங்கால் வலி போதும். சர்டிபிகேட் கேட்கக் கூடாது. இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைத்தால் நல்லது. தள்ளிக்கொண்டு வருபவருக்கு ஐந்து டாலர் கொடுங்கள், அது சட்டம் இல்லை, மரியாதை.

மூன்று வருடங்களுக்கு முன் என் மாமியாரைத் தனியாக, நடுவில் மாறிப் போகும் ஒரு மலிவு டிக்கெட்டில் அனுப்பிவைத்தேன். வக்கீல்தான், ஆனாலும் 90 டாலர் மிச்சம் என்றவுடன் கண் மறைத்தது. மாறும் ஊரில் வீல்சேர் வந்தது. பி14 கேட் எதிரே அவரைத் திருப்பி நிறுத்திவிட்டு அந்தப் பையன் போய்விட்டான். கேட் மாறியது. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் நாலு தடவை சொல்லியிருப்பார்கள். மாமியார் கையில் நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த சீட்டில் பி14 என்று இருந்தது, சுவரிலும் பி14 என்று இருந்தது. அவர் எதற்கு நகர வேண்டும்? பக்கத்தில் இருந்த ஒரு தெலுங்குப் பெண் சேலையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்ததால் விஷயம் தெரிந்தது. அதற்குள் விமானம் போய்விட்டது.

தானாக நகர முடியாத சக்கர நாற்காலியில் ஒருவரை 30 நிமிடத்துக்கு மேல் கவனிக்க ஆளில்லாமல் விடக் கூடாது என்பது விதி. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உங்கள் அம்மாவோடு நீங்கள் போகிறீர்கள், ஆகவே இவ்வளவு மோசமாகாது. ஆனால் டென்வரில் ஒரு கையில் நாலு வயதுக் குழந்தை, இன்னொரு கையில் கைப்பெட்டி, வீல்சேர் வரும் வரை விமான வாசலில் நிற்பது, அடுத்த கேட் இன்னொரு கட்டடத்தில் இருந்தால் ரயிலேறிப் போவது என்று யோசித்துப் பாருங்கள். உதவியில் ஏதாவது கோளாறு என்றால் கவுண்டரில் "கம்ப்ளெயின்ட்ஸ் ரெசொல்யூஷன் அஃபிஷியல்" என்று கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை நேரிலோ போனிலோ வைத்திருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொன்னவுடன் எதிரே இருப்பவரின் குரல் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ரியல் ஐடி கவலை வேண்டாம். 2025 மே 7 முதல் அது நடைமுறையில் இருந்தாலும், செல்லுபடியாகும் இந்திய பாஸ்போர்ட் போதும். விசாவும், ஐ-94 எனப்படும் அமெரிக்க வருகைப் பதிவின் அச்சுப் பிரதியும் கூடவே இருக்கட்டும். மகளுக்கு அடையாள அட்டை கேட்க மாட்டார்கள்.

அம்மாவின் நகையும் மாத்திரையும் இன்சுலினும் செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது. பெட்டி தொலைந்தால் உள்நாட்டுப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பு 4,700 டாலர் வரைதான், அதிலும் நகை, பணம் இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருப்பார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்கள் நகை இல்லாமலா போவீர்கள்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

199 டாலரைக் கொடுத்துவிட்டு நேராகப் போகும் அமெரிக்கனை வாங்குவேன். அது உயர்ந்த நிறுவனம் என்பதற்காக இல்லை. சார்லட்டிலிருந்து அவர்களுக்குத்தான் விமானங்கள் அதிகம். ஒன்று ரத்தானால் மாற்றுவழி கண்டுபிடிக்க இடமிருக்கும். நடுவில் மாற வேண்டாம் என்றால் கெட்டுப்போக ஓர் இடம் குறைவு. நீங்கள் மட்டும் முதுகுப் பையோடு போவதாக எழுதியிருந்தால், 79 டாலருக்குப் போய்விட்டு வாருங்கள், பை மட்டும், அளவு பார்க்கக் கேட்டில் வைத்திருக்கும் இரும்புக் கூண்டுக்குள் நுழைய வேண்டும் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன்.

நிறுவனத்தைவிட நேரத்தை மாற்றுவது முக்கியம். புதன் மாலை என்று எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய் காலை முதல் விமானத்துக்கு மாற்ற முடியுமா பாருங்கள். லீவு இல்லையென்றால் புதன் காலை முதல் விமானம். காலையில் விமானம் முந்தின இரவே வந்து நின்றிருக்கும். மாலை விமானம் அன்று முழுக்க மற்ற ஊர்களில் சேர்ந்த தாமதத்தை எல்லாம் சுமந்துகொண்டு வரும். ஞாயிறு திரும்புவது வருடத்திலேயே நெரிசலான நாள்களில் ஒன்று, திங்களுக்குத் தள்ள முடிந்தால் விலையும் குறையலாம். கிரெடிட் கார்டிலேயே வாங்குங்கள். ரீஃபண்ட் வராவிட்டால் கார்டு நிறுவனத்திடம் முறையிட அது வழி தரும்.

அப்புறம் அந்த ஊறுகாய். பாதுகாப்புச் சோதனையில் ஊறுகாய், சட்னி, தோசை மாவு, நெய் எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கையில் இருந்தால் தொட்டியில் போட்டுவிடுவார்கள், நார்த்தங்காய் என்று விளக்கிப் பயனில்லை. மூடியை இறுக்கி, இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, அம்மாவின் பழைய சேலையில் சுற்றிச் செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள். இட்லிப் பொடி கையில் போகலாம். பெரிய டப்பா என்றால் தனித் தட்டில் எடுத்து வைக்கச் சொல்வார்கள், திறந்தும் பார்ப்பார்கள். தும்மல் வந்தால் அவர்கள் பாடு.